மரம் மாதிரி ஒரு தரை

என் கணவரின் தம்பியை எங்கள் வீட்டில் ஷோரூம் என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது. அந்தப் பெயரை வைத்தவர் என் கணவர்தான், அதுவும் பாசத்தோடு. தரைவிரிப்பும் தரைப்பலகையும் விற்கும் கடையில் தம்பிக்கு வேலை. வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் குடித்த டம்ளரைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஃபினிஷிங் நல்லா இருக்கு அண்ணி" என்பார். உலகத்தில் தரையை மாற்றியவர்கள் ஒரு ஜாதி, இனிமேல் மாற்றப்போகிறவர்கள் இன்னொரு ஜாதி, அவ்வளவுதான் அவருக்கு. நாங்கள் இரண்டாவது ஜாதி. பழைய மொசைக் தரையில் காலை வைக்கும்போதெல்லாம் ஈரத்தில் வைப்பது மாதிரி குதிகாலைத் தூக்கிக்கொள்வார்.

அவரைப் படிக்க வைத்தவர் என் கணவர். கார் ஒர்க்‌ஷாப்பில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது இவர் தொழில். முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆயுசு முழுக்க மற்றவர்களுடைய காரைப் பளபளப்பாக்கினார். முதலில் மூக்கு போனது. பாதி வயதுக்கு மேல் இவருக்கு எந்த வாசனையும் தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை நிற்கும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க, பால் தீயறது தெரியலையா?"

"எனக்கு மூக்கு, கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்தான்," என்பார்.

அப்புறம் நுரையீரல் போனது. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இனி குணம் என்பது இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். "புகை, தூசி, பெயிண்ட், சென்ட், எதுவும் அவர் கிட்ட வரக்கூடாது. நல்ல காத்து வேணும். இனிமே அதுதான் மருந்து."

இவருக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான், வீடு. வீட்டுக் கூடத்தில், தெரு ஜன்னலோரம், பஸ் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் மேற்கூரையை முறைத்துப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "யார் கையில சாகறதுக்கும் எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இந்த சீலிங்கைப் பாத்துக்கிட்டு சாக மாட்டேன். எவனோ ரோலரை இழுத்துட்டு பாதியில டீ குடிக்கப் போயிருக்கான், பாரு."

"சரி, வீட்டுக்குப் போகலாம்," என்றேன். அந்த ஒரு வாக்கைத்தான் நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. சுலபமான வாக்கு என்று நினைத்திருந்தேன்.

நான் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த நாட்களில் வீட்டுச் சாவி ஷோரூமிடம் இருந்தது. "நீங்க அண்ணனைப் பாருங்க அண்ணி, வீட்டை நான் பாத்துக்கறேன்," என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். குழாய் சொட்டினால் மூடுவார், வாசலில் விழுந்த பேப்பரை எடுத்து வைப்பார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

இவர் வருவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டித் துடைத்து வைக்கலாமென்று போனேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி. முதல் மாடித் திருப்பத்திலேயே தொண்டை கரகரத்தது. புதுச் செருப்புக் கடையையும் பெட்ரோல் பங்கையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டிய மாதிரி ஒரு நெடி. கீழ்வீட்டில் ஏதோ கொட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

கூடத்தின் நடுவில் ஒருவர் மண்டியிட்டு, பல் வைத்த தகட்டால் தரையில் பசையை இழுத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் பசை டப்பாக்கள். பாதித் தரையில் பழுப்பு நிறப் பலகைகள் ஒட்டியாகிவிட்டன. அவற்றின் மேல் நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி, ஷோரூம் சிரித்தார்.

"சர்ப்ரைஸ் அண்ணி."

"என்ன இது?"

"வினைல். பாருங்க, அசல் மரம் மாதிரியே இல்ல?"

குனிந்து பார்த்தேன். மரம் மாதிரிதான். கணுவும் வெடிப்பும் அச்சடித்திருந்தது. நாலு பலகைக்கு ஒரு தடவை அதே கணு, அதே வெடிப்பு, அதே இடத்தில். காட்டில் ஒரே மரம் நாலடிக்கு நாலடி முளைத்தால் இப்படித்தான் இருக்கும்.

"மரம் மாதிரி இருக்கு. நாத்தம் மரம் மாதிரி இல்லையே," என்றேன்.

"நாத்தம்னு சொல்லாதீங்க அண்ணி. புதுசோட வாசனை அது. புது கார்ல வருமே, அந்த மாதிரி. அதுக்குன்னே சிலபேர் காசு கொடுத்து வாங்கறாங்க."

"புது கார் வாசனையை உள்ள இழுத்துத்தான் உங்க அண்ணன் அங்க படுத்திருக்கார்."

"அது பெயிண்ட். இது பசை. ரெண்டும் வேற வேற கெமிஸ்ட்ரி."

கெமிஸ்ட்ரியில் ஷோரூம் எத்தனை தடவை தோற்றார் என்பதும், ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்குப் பணம் கட்டியது யார் என்பதும் எனக்குத் தெரியும். பசை போடுகிறவரிடம் கேட்டேன்.

"இந்த நெடி எப்ப போகும்?"

"நெடியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர். சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய் நின்று நாலு மூச்சு இழுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. "ரெண்டு நாள்ல தானா பறந்துடும்."

"எடுத்துடுங்க. பழைய தரையே போதும்."

"எடுக்கணும்னா இந்தப் பசையைக் கரைக்க வேற ஒண்ணு ஊத்தணும். அதைவிட இதே தேவலாம்மா."

கூடமும் படுக்கையறையும் அன்று சாயங்காலத்துக்குள் மரம் மாதிரி ஆகிவிட்டன. சமையலறை வாசலில் வந்ததும் பலகை நின்றுவிட்டது. அங்கே பழைய வெள்ளை ஓடு அப்படியே இருந்தது. நான் அந்தக் கோட்டைப் பார்ப்பதைக் கண்டு ஷோரூம் விளக்கம் சொன்னார்.

"அடுப்படிக்கு எதுக்கு அண்ணி? அங்க யார் வந்து பாக்கப்போறா?"

மறுநாள் போனால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, சட்டத்தைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டியிருந்தது. பசை இறுகும்வரை தூசி விழக்கூடாதாம், வெயில் பட்டால் நிறம் மங்குமாம். நான் டேப்பைக் கிழித்துத் திறந்தேன். அதற்கடுத்த நாள் மறுபடி ஒட்டியிருந்தது. அண்ணனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வர நேரமில்லாதவர், தரையைப் பார்க்கத் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று தெரிந்துகொண்டேன்.

உறவு ஜனம் யோசனை சொல்லத் தொடங்கியது. வெங்காயத்தை நறுக்கி மூலைக்கு ஒன்று வை என்றார் ஒருவர். வெங்காயம் அழுகி அதன் வாடையும் சேர்ந்துகொண்டது. கிண்ணத்தில் வினிகர், தட்டில் காப்பித்தூள், துணி மூட்டையில் கரி. எல்லாவற்றையும் வைத்தேன். வீடு மளிகைக் கடைக்குள் பெயிண்ட் டப்பா உடைந்தது போல ஆனது. வாழ்நாளில் ஒரு ஜன்னலைக்கூடத் தானாகத் திறக்காத சித்தப்பா ஒருவர், "ஹீட்டர் போட்டு ரெண்டு நாள் சூடேத்திவிட்டா எல்லாம் வெளிய வந்துடும்" என்றார். வெளியே வந்து எங்கே போகும் என்று கேட்டேன். "அது போயிடும்மா," என்றார். ஷோரூம் தன் பங்குக்கு லாவெண்டர் ஸ்ப்ரே ஒரு டஜன் வாங்கி வந்து, அறைக்கு ஒன்றாக அடித்துவிட்டுப் போனார். சென்ட் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். "இது சென்ட் இல்ல அண்ணி, ஃபிரெஷ்னர்," என்றார்.

பசை கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்த பெண் தேன் குரலில், "அது இயல்பான மணம்தான் மேடம், படிப்படியாகக் குறையும்" என்றாள். எவ்வளவு படி என்று கேட்டதற்கு, என் கருத்து தங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கெஞ்சினேன். கட்டில் வேறு ஒருவருக்குத் தேவை என்றார்கள். அதுவும் நியாயம்தான். இவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு நாள் இங்க இருந்துட்டுப் போகலாமே."

"ஏன், வீட்ல யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"உங்க தம்பி தரையை மாத்தி வச்சிருக்கார். நெடி தாங்கல."

அவர் முகம் மாறியது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். கண் கலங்கி, கொஞ்ச நேரம் ஆக்சிஜன் குழாயைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவனா செஞ்சான்? எனக்காகவா?" என்றார். பிறந்ததிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்த தம்பி முதல்தடவையாக ஏதோ கொடுத்திருக்கிறான். அதை நெடி என்று சொன்ன நான்தான் அந்த அறையில் பொல்லாதவள்.

இவர் வீட்டுக்கு வந்த நாள் காலையில் எல்லா ஜன்னலையும் திறந்து, இரண்டு மின்விசிறியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஷோரூம் எங்களுக்கு முன்பே வந்து அவற்றை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, தரையை மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருந்தார். சித்தப்பாவும் வந்திருந்தார். இவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு வந்ததும் ஷோரூம் எதிரே போய் நின்றார்.

"அண்ணா, எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்குடா. என் முகமே தெரியுது."

"அண்ணி வாசனை வருதுங்கறாங்க. நீங்களே சொல்லுங்க, வருதா?"

இவர் கழுத்தை நீட்டி, மூக்கை இரண்டு பக்கமும் திருப்பி, மெனக்கெட்டு உறிஞ்சினார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"பாத்தீங்களா சித்தப்பா?" என்றார் ஷோரூம்.

"அவனே வரலைங்கறான். அப்புறம் என்ன?" என்றார் சித்தப்பா. சொல்லும்போதே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூக்கு செத்துப்போனவரைச் சாட்சிக்கு நிறுத்தித் தீர்ப்பு வாங்கிய குடும்பம் இது. அந்த மூக்கு எப்படிச் செத்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பரிகாசம் செய்ததுகூட உண்டு. ஆனாலும் அன்றைக்கு ஒருத்தர் முகத்திலும் ஒரு சின்ன சந்தேகம்கூட இல்லை. வழக்கு முடிந்த நிம்மதியில் டீ கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன்.

மூக்குக்குத் தெரியாதது நெஞ்சுக்குத் தெரிந்தது. காலையில் கொஞ்சம் தேவலை. மதியம் வெயில் ஜன்னல் வழியாகப் பலகை மேல் விழ ஆரம்பித்ததும் நெடி கிளம்பும். அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி தரை அதை விட்டுக்கொண்டே இருக்கும். இவருக்கு இருமல் வரும், ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் தோள் ஏறி இறங்கும். உதட்டோரம் நீலம் பாயும். ஆக்சிஜனைக் கூட்டி வைப்பேன். திரையைப் போட்டால் வெயில் நிற்கும், ஆனால் காற்றும் நிற்கும். திறந்தால் காற்று வரும், பஸ்ஸும் தெரியும், தரை சுடும். இப்படிப் போட்டும் எடுத்தும் நான் ஜன்னலுக்குக் காவலாளி ஆனேன்.

"இந்த நெடிதான் உங்களை இப்படிப் படுத்துது," என்றேன்.

"எனக்குத் தெரியலையே."

"உங்களுக்கு எது தெரிஞ்சிருக்கு? பால் தீஞ்சா தெரியுமா?"

"சும்மா இரு. அவன் ஆசையா போட்டிருக்கான்."

"கீழ்வீட்ல கேட்டுப் பாக்கறேன். ஒரு மாசம் அங்க..."

"ஊருக்கெல்லாம் சொல்லப்போறியா, தம்பி போட்ட தரை ஆகலைன்னு? அவன் முகத்தை எங்க வச்சுப்பான்?" இவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. கையை உயர்த்தி, இதோடு போதும் என்று காட்டினார்.

எனக்கு அவரிடம் இருந்த கோபத்தையும் எழுதிவிடுகிறேன். நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லும். அந்த நல்லதனத்துக்கு இருமல் வந்தால் முதுகைத் தடவுகிறவள் நான். தம்பியின் முகத்தை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டவர் தன் மூச்சை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை.

அப்படியிருக்க ஒரு பகலில் ஷோரூமின் மனைவி பார்க்க வந்தாள். என் ஓரகத்தி நல்லவள்தான், வெகுளி. மனதில் ஒன்றும் தங்காது, வாயிலும் தங்காது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"உள்ள வாயேன்."

"இல்லக்கா, இங்கேயே நிக்கறேன். எனக்கு இது ஒத்துக்கவே ஒத்துக்காது. எங்க வீட்லயே பிரிச்ச அன்னைக்கே மண்டையைப் பிளந்துடுச்சு."

"உங்க வீட்லயா?"

"ஆமாக்கா. இது எங்க வீட்டுக்குன்னு வாங்கினதுதானே. ஒரு ரூம்தான் போட்டாங்க. எனக்குத் தலைவலி, குழந்தைக்கு வாந்தி. உடனே பிரிச்சு எடுக்கச் சொல்லிட்டேன். மிச்சப் பெட்டியையும் கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம். வீணாப் போகுதேன்னு இவருக்கு ஒரே மனக்கஷ்டம்."

அவள் என்னைத் தேற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"அப்புறம் இவர்தான் சொன்னார், மாமாவுக்குத்தான் வாசனையே தெரியாதே, அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நல்லதாப் போச்சு இல்லக்கா?"

"நல்லதாத்தான் போச்சு," என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் படியிறங்கி முதல் மாடித் திருப்பத்தைத் தாண்டியதும் தலைப்பை எடுத்துவிட்டு மூச்சு விட்டது எனக்கு மேலே கேட்டது.

நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன். மனைவிக்குத் தலைவலி என்றதும் பெயர்த்தெடுத்த தரை. அதை அண்ணனுக்கு அன்பளிப்பு ஆக்கியிருக்கிறார். அண்ணன் சுவாசிப்பது மூக்கால் மட்டும்தான், மூக்கு செத்தவனுக்கு விஷமும் செத்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். எண்ணமே இல்லை. வீணாகக் கூடாது என்ற சிக்கனம் மட்டும்தான்.

உள்ளே போய் இவரை எழுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் அந்தத் தரையிலிருந்து கண்டிப்பாக எழுந்துவிடுவார். அதற்கப்புறம் எத்தனை நாள் இருந்தாலும், தம்பி தனக்குக் கொடுத்த ஒரே பொருள் என்ன என்று தெரிந்துகொண்டுதான் இருப்பார். கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. எனக்கு வேண்டியது அவர் மூச்சு. உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவர் விழித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க, எனக்கு ஒரு கஷ்டம்."

"என்ன?"

"அடுப்படியில தனியா நிக்க பயமா இருக்கு. அடிக்கடி தலை சுத்துது. முந்தாநேத்து அடுப்புக்கிட்ட விழப் பாத்தேன். நீங்க இங்க இருக்கீங்க, நான் விழுந்தாக்கூட உங்களுக்குத் தெரியாது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"வயசான கோளாறுதான். கண்ணுக்கெதிர்ல யாராவது இருந்தா தைரியமா இருக்கும்."

என் தலை ஒரு நாளும் சுற்றியதில்லை. அவர் என்னை நம்பினார். தெரு ஜன்னலைப் பார்த்தார், அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை. பஸ் போனதும், "அப்ப கட்டிலை அங்க போடு," என்றார். "உன்னை ஒருத்தன் காவல் காக்க வேண்டியிருக்கு பாரு."

தனக்காக ஒரு அடி நகராதவர் எனக்காகத் தெரு ஜன்னலையே விட்டு வந்தார்.

ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற வந்தவரும் கீழ்வீட்டுக்காரரும் கட்டிலைத் தூக்கினார்கள். சாப்பாட்டு மேஜையை வெளியேற்றி, அரிசி டின்னை மூலைக்குத் தள்ளி, கட்டிலைச் சமையலறை ஜன்னலுக்கு நேராகப் போட்டோம். அங்கே தெருவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பின்பக்கத்து முற்றத்தில் நாலு வீட்டுத் துணி காயும். கூடத்துக் கதவைச் சாத்தி, அடியில் ஈரச் சாக்கைத் திணித்தேன். கேஸ் அடுப்பைக் கழற்றி, சமையலறையை ஒட்டிய பால்கனிக்குக் கொண்டுபோய் அங்கேயே சமைத்தேன்.

"அடுப்பே இல்லாத அடுப்படியில எதைப் பாத்து நீ பயப்படற?" என்று கேட்டார் இவர்.

"உங்களைப் பாத்துத்தான்."

இரண்டு நாளில் இருமல் அடங்கியது. குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன், ஆகவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்தார். எந்த வீட்டில் எத்தனை சட்டை, எவன் சட்டையில் பொத்தான் இல்லை, எந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறாள் என்று கொடியைப் பார்த்தே சொன்னார். நான் கீரை ஆயும்போது கூடவே ஆய்ந்தார். கல்யாணமான காலத்திலிருந்து வேலைக்குப் போய்விட்டு, பெயிண்ட் புள்ளிகளோடு திரும்பி வந்த மனுஷனோடு எனக்கு அப்போதுதான் பகலெல்லாம் பேசக் கிடைத்தது.

ஷோரூம் வந்தார். கூடத்தில் கட்டில் இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். பலகை முடிந்து ஓடு தொடங்கும் கோட்டின் அந்தப் பக்கமே நின்றார்.

"என்ன அண்ணி இது? அண்ணனைக் கொண்டுபோய் அடுப்படியில போட்டு வச்சிருக்கீங்க?"

"அவர்தான் வந்தார்."

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஹால் அவ்வளவு அழகா இருக்கு. வாடகை வீட்ல இருக்கறவங்கூட இப்படிப் படுக்க மாட்டான்."

"இவளுக்குத் தலை சுத்துதுடா," என்றார் இவர். "காவலுக்கு இருக்கேன்."

"தலை சுத்தலா? எப்பத்திலிருந்து?"

"உங்க வீட்ல யாருக்கோ தலைவலின்னு கேள்விப்பட்டேன்," என்றேன் நான். "இப்ப தேவலையா?"

ஷோரூம் என் முகத்தைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"தேவலை அண்ணி," என்றார்.

"யாருக்குடா தலைவலி?" என்று இவர் நிமிர்ந்தார்.

"அவளுக்குத்தாண்ணா. சும்மா, வெயில்ல போயிட்டு வந்தா."

"தைலம் தேச்சுக்கச் சொல்லு," என்றார் இவர். "தரை நல்லா போட்டிருக்கடா. நான்தான் அனுபவிக்கக் கொடுத்து வைக்கல."

அதற்கப்புறம் ஷோரூம் அதிகம் வரவில்லை. ஃபிரெஷ்னர் மட்டும் ஒரு தடவை யாரிடமோ கொடுத்தனுப்பினார். இந்தத் தடவை ரோஜா.

துணிக்கொடியில் கம்பளிகள் காயத் தொடங்கிய பருவத்தில், ஒரு காலையில், முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆக்சிஜன் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முகத்தில் கஷ்டம் இல்லை, தோள் தளர்ந்திருந்தது. ஆக்சிஜனை மூடிவிட்டு அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

ஷோரூம் முதலில் வந்துவிட்டார். நிஜமாகவே அழுதார், அதை மறுக்க மாட்டேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் காரியத்தில் இறங்கினார். கூடத்துக் கதவைத் திறந்து, ஈரச் சாக்கை ஒரு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டார்.

"அண்ணனை ஹாலுக்குக் கொண்டுவந்துடலாம் அண்ணி."

"எதுக்கு?"

"எல்லாரும் வருவாங்க. இங்க வச்சா நல்லாவா இருக்கும்? அங்க விசாலமா இருக்கு. பாக்க ஒரு இதுவா இருக்கும்."

"அவர் இங்கேயே இருக்கட்டும்."

"அண்ணி, அடுப்படியில..."

"இங்கேயே இருக்கட்டும்னு சொன்னேன்."

கீழ்வீட்டுக்காரர் என் பக்கம் வந்து நின்றார். ஷோரூம் அவரைப் பார்த்தார், பிறகு கூடத்துக்குப் போய் நாற்காலிகளை வரிசையாகப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு நாற்காலியின் காலுக்கடியிலும் துணி மடித்து வைத்தார், கீறல் விழாமலிருக்க. வந்தவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தி, செருப்பைப் படியிலேயே விடச் சொன்னார்.

ஜனங்கள் வந்தார்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு கூட்டமே வந்தது, நகத்தோரங்களில் பெயிண்டோடு. எல்லோரும் கூடத்தைத் தாண்டித்தான் சமையலறைக்கு வர வேண்டும். கூடம் மாதக்கணக்கில் சாத்தியே கிடந்தது, வெயிலும் ஏறிவிட்டது. வாசலில் சாதாரணமாக நுழைந்தவர்கள் கூடத்தைக் கடப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், மூக்கை உறிஞ்சினார்கள். சித்தப்பாவுக்குக் கண்ணீர் தாரையாக வழிந்தது.

ஷோரூம் என்னிடம் வந்து, தழுதழுத்த குரலில், "அண்ணனுக்காக எவ்வளவு பேர் அழறாங்க பாருங்க அண்ணி," என்றார்.

"பாத்தேன்," என்றேன்.

சமையலறைக்குள் வந்ததும் அவர்கள் கண்ணைத் துடைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து ஒரு மூச்சு இழுத்தார்கள். அதன்பிறகு ஒருவரும் திரும்பிப் போகவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றார்கள், மேடை மேல் சாய்ந்தார்கள், அரிசி டின் மேல் உட்கார்ந்தார்கள், இடமில்லாதவர்கள் பால்கனியில் அடுப்புப் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒர்க்‌ஷாப் ஆட்களில் ஒருவர், இவர் ஒரு தடவை முதலாளியின் காருக்குக் கலர் மாற்றி அடித்துவிட்டு, வெயிலில் பார்த்தால் சரியாக இருக்கும் என்று சாதித்த கதையைச் சொன்னார். சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன்.

கூடத்திலிருந்து ஷோரூமின் குரல் கேட்டது. "ஏன் எல்லாரும் அங்கேயே நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? இங்க நாற்காலி போட்டிருக்கு. வந்து உக்காருங்க."

யாரும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்டார், நடுவில் ஒரு இருமலோடு.